வீட்டருகே ஓர் ஏரி, கையில் ஒரு நோட்டு: பறவையும் செடியும் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

நான் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் மதுராந்தகம் பக்கம். வேடந்தாங்கல் எங்களுக்குக் கிட்டத்தில்தான். பதினோராம் வகுப்பில் பறவை பார்க்கும் ஆசை வந்தபோது எல்லோரையும் போல நானும் முதலில் அங்கேதான் போனேன். தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் நாரை, கூழைக்கடா, வக்கா என்று கிளைக்குக் கிளை பறவை. கண் நிறைந்து போயிற்று. ஆனால் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தபோது எழுத ஒரு வரி கூட வரவில்லை. பார்த்ததெல்லாம் ஒரே வெள்ளைக் கூட்டமாக மனதில் கலந்து கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போனேன். அன்று எனக்குத் தெரிந்தது ஏழே பறவைதான். அந்த ஏழும் எங்கே உட்கார்ந்திருந்தன, என்ன செய்தன என்பது இன்றும் நினைவில் இருக்கிறது. அதே கரைக்கு வாராவாரம் போய் இப்போது நான்காவது வருடம் நடக்கிறது. என்னிடம் யாராவது எப்படித் தொடங்குவது என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான வழிதான்.

முதலில் இடம்

வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ பத்து நிமிடத்தில் போகக்கூடிய இடமாகப் பாருங்கள். ஏரி, குளம், கோயில் நந்தவனம், வாய்க்கால் ஓரம், கல்லூரி வளாகம், நகரத்தில் என்றால் ஒரு பூங்கா, எதுவானாலும் சரி. அழகான இடத்தைத் தேடாதீர்கள். மழை வந்தாலும் பரீட்சை வந்தாலும் விடாமல் போக முடிகிற இடம்தான் நல்ல இடம்.

ஒரு பாதையை முடிவு செய்துகொள்ளுங்கள். நான் மதகில் தொடங்கி, கரை மேலேயே நடந்து, கலங்கல் (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) வரை போய்த் திரும்புவேன். எப்போதும் அதே பாதை, முடிந்தவரை அதே நேரம். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் பறவைகள் இரை தேடுவதில் மும்முரமாக இருக்கும், சத்தமும் அப்போதுதான் அதிகம். மாலையில் போனால் அடைய வரும் கூட்டத்தை எண்ணலாம்.

முதல் நாளே வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நான் சித்தி மகனைக் கூட்டிக்கொண்டு போவேன். ஆளில்லாத கரையில், இருட்டு பிரியும் நேரத்தில், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், ஒருவர் துணை வைத்துக்கொள்வது நல்லது. புல்லுக்குள் பாம்பு இருக்கும், ஆகவே செருப்பை விட ஷூ.

கையில் என்ன வேண்டும்

ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில். பேனா மழையில் கரைந்துவிடும். அவ்வளவுதான், நிஜமாகவே. முதல் ஆறு மாதம் நான் பைனாகுலர் இல்லாமல்தான் பார்த்தேன். வாங்க முடிந்தால் 8x42 அல்லது 8x40 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். 20 மடங்கு, 30 மடங்கு என்று விற்பதை வாங்கவேண்டாம். கை நடுங்கினாலே பறவை பார்வையிலிருந்து ஓடிப்போய்விடும்.

கேமரா இருந்தால் கொண்டு போங்கள், ஆனால் முதல் பத்து நிமிடம் அதைத் தொடாதீர்கள். படம் எடுக்கத் தொடங்கிவிட்டால் பார்ப்பது நின்றுவிடுகிறது.

முதல் மாதம்: பத்துப் பறவை போதும்

புதிய பறவை தேடி ஓடவேண்டாம். தினமும் கண்ணில் படுகிற பத்தை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். காகம், மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான் (இரட்டைவால் குருவி), சின்னான் (கொண்டைக்குருவி), வெண்மார்பு மீன்கொத்தி, உண்ணிக்கொக்கு, மடையான், செம்போத்து, செம்பருந்து. எங்கள் பக்கத்தில் இவை இல்லாத ஊர் இருக்காது. காக்கையிலேயே இரண்டு வகை உண்டு என்பதை (கழுத்து சாம்பலாக இருப்பது வீட்டுக்காகம், முழுக்கக் கறுப்பாக, தடித்த அலகோடு இருப்பது அண்டங்காக்கை) கவனித்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் வேடந்தாங்கலில் கூட வரவில்லை.

இந்தப் பத்தும்தான் உங்கள் அளவுகோல். தெரியாத பறவையைப் பார்த்ததும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது அளவு: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா, பருந்து அளவா? அப்புறம் அலகு எப்படி, கால் நீளமா, வால் ஆடுகிறதா, தனியாக இருக்கிறதா கூட்டமாகவா, தரையிலா மரத்திலா தண்ணீரிலா. நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். வெயில் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து நிறம் ஏமாற்றிவிடும்.

மடையானை வைத்தே இதைக் கற்றுக்கொள்ளலாம். தண்ணீர் ஓரத்தில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அது மண் நிறம், கோடு கோடாக. பக்கத்தில் போகும்வரை கண்ணுக்கே தெரியாது. பறந்ததும் பளீரென்று வெள்ளை, ஏனென்றால் சிறகும் வாலும் வெள்ளை. முதல் மாதம் நான் இவற்றை இரண்டு தனித்தனிப் பறவை என்றே எழுதி வைத்திருந்தேன். இனப்பெருக்கக் காலம் வந்தால் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும், அப்போது மூன்றாவது பறவை போல இருக்கும். கரையில் ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர் நான் எழுதுவதைப் பார்த்து, "என்னம்மா கண்ணு, கொக்கையா கணக்கு எடுக்கிற?" என்று கேட்டார். நான் அந்த மண்நிறப் பறவையைக் காட்டினேன். "அதுவா, மடையான். மடை வாயிலேயே நிக்கும் பாரு, அதான் அந்தப் பேரு" என்றார். பிறகு பார்த்தால் உண்மைதான். மதகு திறந்திருக்கும் நாளில் தண்ணீரோடு வரும் குஞ்சு மீனுக்காக வாய்க்கால் தலைப்பில் நாலைந்து மடையான் நிற்கும்.

ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர்களை விடாமல் எழுதி வையுங்கள். ஆடு மாடு மேய்ப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், மதகு திறப்பவர்கள், இவர்களுக்குத் தெரியாத பறவை குறைவு. நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு இருப்பது நாமக்கோழி, பக்கத்தில் போனால் பளிச்சென்று முங்கி வேறிடத்தில் எழுவது முக்குளிப்பான், ஆளைக் கண்டதும் ஊரையே எழுப்புவது ஆள்காட்டி. பெயரிலேயே அடையாளம் இருக்கிறது.

காதையும் பழக்குங்கள். சித்திரை வெயிலில் "குக்கூ... குக்கூ" என்று ஏறிக்கொண்டே போகும் குரல் ஆண் குயிலுடையது. உடல் முழுக்கக் கறுப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும், "கிக் கிக் கிக்" என்று கத்தும். அதைப் பருந்துக் குஞ்சு என்று நினைப்பவர்கள் உண்டு. செம்மார்புக் குக்குறுவானை முதலில் கண்ணால் பார்ப்பது கஷ்டம், இலைக்குள் இலையாக இருக்கும். ஆனால் செம்புப் பாத்திரம் தட்டுவது போல "டொங்க், டொங்க்" என்று நிற்காமல் வரும் சத்தத்தை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், அப்புறம் பஸ் நிறுத்தத்திலும் அது கேட்கும். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. அது சொல்வதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள்.

நோட்டில் எப்படி எழுதுவது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் பாதி போய்விடும். அங்கேயே, நின்ற இடத்திலேயே எழுதுங்கள். என் நோட்டில் ஒரு மார்கழி நாள் இப்படி இருக்கிறது:

"காலை 6:40 முதல் 7:25 வரை. மூடுபனி, காற்று இல்லை. படித்துறையில் 3 படி தெரிகிறது. மடையான் 11. உண்ணிக்கொக்கு 30க்கு மேல், எருமைகளோடு. முக்குளிப்பான் 8, அதில் 2 குஞ்சு. நாமக்கோழி ஏறக்குறைய 60. மஞ்சள் வாலாட்டி 4, கலங்கல் ஈரத்தில். கரும்புள்ளி மீன்கொத்தி இல்லை (3 வாரமாக). பெரிய ஆலமரத்தில் பழம் நிறைய, மைனாவும் சின்னானும். தெரியாத பறவை 1: மைனாவை விடச் சிறியது, கண் வழியாகக் கறுப்புப் பட்டை, முள்ளுச்செடி உச்சியில் தனியாக, தரைக்குப் பாய்ந்து பூச்சி பிடித்து அதே இடத்துக்குத் திரும்பியது."

இதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, எண்ணிக்கை. "நிறைய" என்று எழுதினால் அடுத்த வருடம் ஒப்பிட முடியாது. கூட்டமாக இருந்தால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து என்று கணக்குப் போடுங்கள். இரண்டு, "இல்லை" என்ற சொல். வழக்கமாக இருப்பது இல்லாமல் போனதையும் எழுதுங்கள். நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டது இதைத்தான். மூன்று, பெயர் தெரியாத பறவைக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்காதது. அந்தக் கறுப்புப் பட்டைக்காரன் கீச்சான் என்று நாலு மாதம் கழித்துத் தெரிந்தது. அன்று ஏதோ ஒரு பெயரைப் போட்டிருந்தால் அந்த வரி வீணாகியிருக்கும்.

படமும் வரையுங்கள். நன்றாக வரைய வேண்டியதில்லை. ஒரு முட்டை, அதன் மேல் ஒரு சின்ன வட்டம், அலகு, வால், அதில் எந்த இடத்தில் என்ன நிறம் என்று கோடு இழுத்து எழுதினால் போதும். வரையும்போதுதான் கால் நிறத்தைப் பார்க்கவே இல்லை என்று தெரியவரும்.

தண்ணீரை அளக்கப் பழகுங்கள்

உங்கள் இடம் ஏரியோ குளமோ என்றால், தண்ணீர் மட்டத்தைக் குறிக்காத பட்டியல் பாதிப் பட்டியல்தான். கருவி எதுவும் வேண்டாம். படித்துறையில் எத்தனை படி தெரிகிறது, அல்லது மதகுக் கல்லில் எந்த அடுக்கு வரை நனைந்திருக்கிறது என்று எழுதினால் சரி.

காரணம் இருக்கிறது. எந்தப் பறவை வரும் என்பதை ஆழம்தான் முடிவு செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது நாரைக்கு நிற்க இடமில்லை. முக்குளிப்பான், நீர்க்காகம், வாத்து மட்டும் இருக்கும். தை, மாசியில் ஓரம் வற்றி முழங்கால் ஆழம் ஆனதும் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் வரும். நத்தைகுத்தியின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், நத்தையைக் கையாள அப்படி அமைந்த அலகு. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். பங்குனியில் சேறு வெளியே தெரிந்ததும் உள்ளான்கள் சேற்றைக் குத்திக்கொண்டு ஓடும், வடக்கே திரும்பும் முன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும் சாப்பாடு அது. முழுக்க வறண்ட வைகாசித் தரையில் ஆள்காட்டி முட்டை இடும்.

ஆகவே ஏரி வற்றுவதைக் கண்டு பதற வேண்டாம். எங்கள் பக்கத்து ஏரி வருடத்தில் சில மாதம் வற்றத்தான் செய்யும். வருடம் முழுக்க ஒரே ஆழத்தில் தண்ணீர் நிற்கும்படி வெட்டி, சுற்றிலும் கான்கிரீட் சரிவு போட்ட குளத்தில் நான் பார்த்த பறவை மிகக் குறைவு.

ஒரு மரத்தை உங்களுடையதாக்குங்கள்

பறவை பார்ப்பவர்கள் பலர் மரத்தை உட்காரும் கிளையாக மட்டும் பார்க்கிறார்கள். தாவரவியல் படிப்பதால் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம், மரம் தெரியாமல் பறவை புரியாது.

பாதையில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை அதன் முன்னே ஒரு நிமிடம் நின்று ஆறு கேள்வி: தளிர் இருக்கிறதா, முற்றிய இலை இருக்கிறதா, பழுத்த இலை இருக்கிறதா, மொட்டு அல்லது பூ இருக்கிறதா, காய் இருக்கிறதா, பழம் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் "இல்லை, கொஞ்சம், நிறைய" என்று மூன்றில் ஒரு பதில். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் நாடு முழுக்க மாணவர்கள் ஏறக்குறைய இப்படித்தான் மரங்களைப் பதிவு செய்கிறார்கள், நீங்களும் சேரலாம்.

தொடங்குபவர்களுக்கு நான் வேம்பையோ புங்கத்தையோ சொல்வேன். புங்கம் மாசி, பங்குனியில் இலை கொட்டிவிட்டு, கொஞ்ச நாளிலேயே கண் கூசும் பச்சையில் தளிர்விடும். வேம்பு சித்திரையில் பூக்கும், வருடப் பிறப்புப் பச்சடிக்குப் பறிக்கிறோமே அதே பூ. ஆனி, ஆடியில் பழம். அந்தச் சமயத்தில் மரத்தடியில் நில்லுங்கள். குயில், மைனா, சின்னான், காகம் எல்லாம் வரும். கொட்டையை எங்கேயோ போய்ப் போடும், வேலி ஓரத்து வேப்பங்கன்றுகள் அப்படித்தான் முளைக்கின்றன. கல்யாண முருங்கை இருந்தால் இன்னும் நல்லது. இலை இல்லாமல் செக்கச்சிவந்து பூத்து நிற்கும்போது தேன்சிட்டிலிருந்து காகம் வரை அதில் தேன் குடிக்க வருவதை ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

பூவரசம்பூவைக் காலையிலும் மாலையிலும் ஒரே நாளில் பாருங்கள். காலையில் மஞ்சள், வாடும்போது சிவந்துவிடும். பனைமரம் இருந்தால் ஓலைக்கு அடியில் பாருங்கள். அரிவாள் போல வளைந்த சிறகோடு சுற்றிச் சுற்றிப் பறக்கும் பனை உழவாரன் எச்சிலால் ஓலையின் அடியிலேயே கூட்டை ஒட்டி வைத்திருக்கும்.

தரையில் இருப்பதையும் விடாதீர்கள். தும்பை, நாயுருவி, குப்பைமேனி, நெருஞ்சி, எருக்கு, மாதம் ஐந்து செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எருக்கிலையைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு இருக்கும். அது வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. செடி தெரிந்தால் பூச்சி தெரியும், பூச்சி தெரிந்தால் அங்கே கரிச்சான் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும்.

அந்நியச் செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சீமைக்கருவேலம், உன்னிச்செடி, ஆகாயத்தாமரை மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கெடுதல் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடாமல், எங்கே எவ்வளவு என்று எழுதுங்கள். "ஆகாயத்தாமரை கலங்கல் பக்கம் கால் பங்கு நீரை மூடியிருக்கிறது" என்று வாராவாரம் எழுதினால், முக்குளிப்பான் எப்போது இடம் மாறியது என்பது தானாகவே பிடிபடும். நீலத்தாழைக்கோழி அந்த இலை மேலேயே நடக்கிறது, தவிட்டுக்குருவி சீமைக்கருவேல முள்ளுக்குள் கூடு கட்டுகிறது. அதையும் எழுதத்தான் வேண்டும். வெட்டுவதாக இருந்தாலும் எந்த மாதத்தில் வெட்டுவது என்பதற்கு இந்தக் குறிப்புத்தான் பதில் சொல்லும்.

கூடு கண்டால் விலகி நில்லுங்கள்

முதல் கோடையில் வறண்ட ஏரித் தரையில் ஆள்காட்டியின் முட்டைகளைக் கண்டேன். நான்கு முட்டை, கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக. படம் எடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாயும் தந்தையும் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றின, நான் எழுந்திருக்கவில்லை. கால் மணி நேரம் இருந்திருப்பேன். உச்சி வெயில். ஆள்காட்டி வெயிலில் முட்டைக்கு நிழலாக நிற்கும், போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரமும் முட்டைகள் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை. என்னால்தானா என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த இடத்தைக் கடக்கும்போது இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

அன்றிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம்: பறவை கத்தத் தொடங்கினால் நான் ஏற்கெனவே மிகப் பக்கத்தில் வந்துவிட்டேன் என்று அர்த்தம், உடனே திரும்ப வேண்டும். கூட்டின் படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை, இடத்தையும் சொல்வதில்லை. குரலைப் பதிவு போட்டுப் பறவையை வரவழைப்பதும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது.

பட்டியலை வெளியே கொடுங்கள்

இரண்டு மாதம் ஆனதும், பறவைப் பட்டியல்களை ஏற்றும் ஈபேர்ட் (eBird) என்ற இணையதளத்தில் கணக்குத் தொடங்குங்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கியது, இலவசம். தேதி, தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எந்தப் பறவை எத்தனை, இவற்றைத்தான் கேட்கும். நோட்டில் நான் சொன்னபடி எழுதியிருந்தால் அப்படியே ஏற்றிவிடலாம். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்தீர்களா என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். காகத்தை விட்டுவிட்டு அதற்கு "ஆம்" சொல்லாதீர்கள்.

கூட்டத்தோடு தொடங்க விரும்பினால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் நடக்கிறது. எந்த இடத்திலிருந்தும், குறைந்தது 15 நிமிடம் பார்த்துப் பட்டியல் ஏற்றினால் போதும், மொட்டை மாடியிலிருந்துகூட. வலசை வந்த பறவைகள் எல்லாம் இருக்கும் நேரம், காலையில் இதமான குளிர், எல்லோருக்கும் விடுமுறை. பொங்கல் வைக்கும் முன்னே வாசலில் நின்று என் அம்மாவும் சித்தியும் ஒரு பட்டியல் எண்ணித் தருவார்கள்.

ஒரு வருடம் ஆனதும்

நோட்டை மாதவாரியாகப் பக்கம் பக்கமாக வைத்துப் படியுங்கள். மஞ்சள் வாலாட்டி முதலில் வந்த தேதி, கடைசியாகப் பார்த்த தேதி. தூக்கணாங்குருவி எந்த ஈச்சமரத்தில் எத்தனை கூடு கட்டியது, அவற்றில் எத்தனை பாதியில் நின்றது (ஆண் பாதி கட்டிவிட்டுப் பெண் வந்து பார்க்கும்வரை காத்திருக்கும், பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூடு அப்படியே நின்றுவிடும்). பஞ்சுருட்டான் கரையின் எந்தப் பகுதியில் வளை தோண்டியது.

இந்தக் கடைசிக் குறிப்புக்கு ஒரு பயன் வந்தது. எங்கள் கரையைப் பலப்படுத்தும் வேலை ஒரு கோடையில் நடந்தபோது, பஞ்சுருட்டான் வளைகள் இருந்த மண்சரிவை இயந்திரம் சீவிவிட்டது. மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் மண்சுவரைக் குடைந்துதான் முட்டை இடும், மாசியிலிருந்து வைகாசி வரை அந்த வளைக்குள் குஞ்சு இருக்கும் என்பது வேலை செய்தவர்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. அடுத்த வருடம் நான் மூன்று வருட நோட்டிலிருந்து ஒரே பக்கத்தில் அட்டவணை எழுதிக் கிராம சபையில் கொடுத்தேன்: எந்த இடம், எந்த மாதம், எத்தனை வளை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் ஏரியைப் பற்றிப் பேச அன்று எல்லோரும் காது கொடுக்கிறார்கள். கலங்கலுக்குத் தெற்கே நாற்பது அடி மண்சரிவை மட்டும் ஆடி மாதத்துக்கு முன் தொடவேண்டாம் என்று கேட்டேன். சரி என்றார்கள். இந்தப் பங்குனியில் அங்கே 14 வளை எண்ணினேன்.